பல்பு ஆறும் நேரம்

புரொஜக்டருக்குள் ஃபேன் சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. பல்பு மட்டும் எரியமாட்டேன் என்று அடம்பிடித்தது. லிஃப்ட்காரர் மூன்றாவது தடவையாகப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கட்டிலுக்கு மேலே கூரையை அண்ணாந்து பார்த்தார். வெள்ளைச் சுண்ணாம்பும் ஒரு மூலையில் மழை கசிந்த மஞ்சள் கறையும்தான் இருந்தன. அரை நிமிஷத்தில் பச்சை போய், சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தது.

“என்னாச்சு?” என்று கேட்டாள் மனைவி. தலையைத் திருப்பவில்லை. அவளால் திருப்ப முடியாது.

“ஒண்ணுமில்ல. இப்பத்தான் தூங்கி எந்திரிச்சிருக்கு. சோம்பல் முறிக்குது.”

“மணி என்ன?”

“ஒம்பதேகால்.”

“பதினோரு மணிக்கு மக கூப்பிடுவா.”

“தெரியும்.”

வெளியே விடியற்காலையிலிருந்து மழை. கொட்டித் தீர்க்கவும் இல்லை, விட்டுத் தொலைக்கவும் இல்லை. இரண்டாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் செய்து ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்கியவர் தன் வீட்டுக்கு மட்டும் மூச்சிரைக்கப் படியேறுகிறாரே என்று தெருவில் ஒரு கேலி உண்டு. நாலு பேர் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துச் சாய்த்து மனைவியை அந்தப் படிகளில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு கேலியை நிறுத்திவிட்டார்கள். கேலியோடு பேச்சும் நின்றுபோனது. இப்போதெல்லாம் அவர் படியில் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கி வழி விடுகிறார்கள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்க ஸ்டூலில் ஏறியவள் பின்பக்கமாக விழுந்தாள். தானே எழுந்து உட்கார்ந்து, “கழுத்துதான் கொஞ்சம் பிடிச்சிருக்கு” என்றாள். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. ஒரு கடைக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே நாலு பேர். அவர் அவள் கழுத்தில் தைலம் தேய்த்துவிட்டு ஓடினார். நாலு பேரையும் பத்திரமாக இறக்கினார். வந்ததுதான் வந்தோம் என்று பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு வேலையையும் முடித்துக்கொண்டு சாயங்காலம்தான் திரும்பினார். அதற்குள் அவள் சமைத்து, துணியெல்லாம் மடித்து வைத்திருந்தாள். மறுநாள் விடிந்தபோது கையும் காலும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா...” என்று ஆரம்பித்தவர் இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகள் நிறுத்திக்கொள்ளவில்லை. வெளியூரில் வேலையில் இருந்தவள் அடித்துப் பிடித்து ஓடிவந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிற வருகிறவர்கள் பார்க்க, “லிஃப்ட் நின்னா ஓடுறீங்க, அம்மா விழுந்தா ஓடத் தெரியலையா? அம்மா இப்படிக் கெடக்குறதுக்கு நீங்கதான்பா காரணம்” என்றாள். அவர், “இனிமே உன் சங்காத்தமே எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதைக் கோபம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அது கோபமே இல்லை. அவள் வாயை மூடுவதற்குள் அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சரியாகச் சொன்னவளின் எதிரில் போய் எந்த முகத்தோடு நிற்பது? கோபம் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வருஷம் இரண்டாகிவிட்டது. இவர் பேசவில்லை, அவளும் நேராகக் கூப்பிட்டுப் பேசவில்லை.

மனைவிக்கு அன்றிலிருந்து கூரைதான் உலகம். கொஞ்சம் சாய்த்து உட்காரவைத்தாலும் ரத்தம் இறங்கி மயக்கம் வந்துவிடும். மல்லாந்தே கிடக்கவேண்டும். கண்ணும் முன்போல இல்லை. கூரையளவு பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியும். சின்னதாக இருந்தால் இரண்டு இரண்டாகத் தெரியும். போனில் மகள் முகத்தைக் காட்டவேண்டுமானால் ஒருவர் அதைக் கையில் பிடித்து, அவள் சொல்லச் சொல்ல முன்னே பின்னே நகர்த்திக்கொண்டே நிற்கவேண்டும். பிடிக்கிற ஆள் மகளின் கண்ணில் படாமல் இருக்க முடியாது.

அதற்காகத்தான் இந்தப் புரொஜக்டர் வீட்டுக்கு வந்தது. காலி செய்துகொண்டு போன ஒரு ஆபீசில், எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொடுத்த பழைய பெட்டி. அதை நிமிர்த்தி வைத்தால் சூடு தலைக்கேறி நின்றுவிடும் என்று, படுக்கவைத்தபடியே வைத்து, எதிரில் லிஃப்டிலிருந்து கழற்றிய முகக்கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பொருத்தினார். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூரைக்கு ஏறும். கண்ணாடியால் இடம் வலம் மாறுவதையும் பெட்டியிலேயே திருப்பிவைத்தார். இதையெல்லாம் தாங்க இரும்புச் சட்டத்தில் சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்று, போனை மனைவியின் முகத்துக்கு நேராக நிறுத்த வளைகிற கம்பி ஒன்று, போனிலிருந்து பெட்டிக்குப் படம் போக ஒரு ஒயர், எல்லாம் சொந்தக் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் அடித்ததும் பச்சையைத் தொட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். கூரையில் மகள் வருவாள்.

“அப்பா எங்கம்மா?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

“கடைக்குப் போயிருக்காரு” என்று ஒவ்வொரு வாரமும் அம்மா சொல்லுவாள்.

எந்தக் கடையும் ஒரு மனுஷனை இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் பதினோரு மணிக்கு இழுத்து வைத்துக்கொள்ளாது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

இன்றைய அழைப்பு மற்ற வாரம் மாதிரி இல்லை. மகள் நிலம் அளக்கிற வேலையில் இருக்கிறாள். நாளைக் காலையில் மலைக்குப் போகிற அணியோடு கிளம்பினால் அங்கே டவர் கிடையாது, அஞ்சு மாசத்துக்குப் போன் எடுக்காது. மனைவிக்குப் போன மாதம்தான் நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது.

லிஃப்ட்காரர் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். வேறொரு சாக்கெட்டில் மாட்டினார். நேற்றுச் சாயங்காலம்தான் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டிப் போட்டிருந்தார். அதை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்யாண வீட்டுச் சல்லாத் துணி மாதிரி பளிச்சென்று இருந்தது.

“முதல்ல எனக்கு ஏதாச்சும் குடுங்க. பசிக்குது,” என்றாள் மனைவி.

பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கரண்டியால் ஊட்டினார். ஒரு வாய், ஒரு துடைப்பு. விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே அடுத்த வாய். நடுநடுவே அவர் கண் பெட்டியின் பக்கம் போய்வந்தது.

“என்னைப் பாத்து ஊட்டுங்க. மூக்குல போகுது.”

“ம்.”

“அது எரியலைன்னா விடுங்களேன். போனையே கையில பிடிச்சுக்கலாம்.”

“யாரு பிடிக்கிறது?”

“இந்த வீட்டுல எத்தனை பேர் இருக்கோம்? எனக்குக் கை வராது. மிச்சம் யாருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.”

அவர் காதில் விழாதவர்போலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

பத்து மணிக்குப் புரொஜக்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அந்த ஆள் வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. எடுத்ததும் பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டது.

“அண்ணே, சொல்லுங்கண்ணே. முடிவெட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு காதைத்தான் விட்டு வச்சிருக்காரு, அதுலதான் உங்ககூடப் பேசுறேன்.”

“தம்பி, பல்பு எரியல. பதினோரு மணிக்குள்ள எரியணும்.”

“ஃபேன் சுத்துதா?”

“சுத்துது.”

“பொத்தானை அமுக்கினதும் உள்ளே டிக்குன்னு ஒரு சத்தம் வரும். அது கேக்குதா?”

லிஃப்ட்காரர் அமுக்கிவிட்டுக் காதைப் பெட்டியோடு ஒட்டினார். ஃபேன் சத்தம், மழைச் சத்தம், சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம்.

“இல்ல.”

“அப்ப பல்பு போகலண்ணே. பல்பு போயிருந்தா அது டிக்கு டிக்குன்னு நாலஞ்சு தடவை முட்டி மோதிப் பாத்துட்டுத்தான் படுக்கும். இது முட்டவே இல்லைன்னா, யாரோ உள்ளேருந்து வேணாம்னு சொல்றாங்க. சூடா இருக்கா?”

“ஐஸ் மாதிரி இருக்கு.”

“அப்ப மூடியைப் பாருங்க. பல்பு இருக்குற அறைக்கு ஒரு மூடி இருக்கும், சுவத்துப் பக்கமா. அதுக்குள்ள ஒரு குட்டி சுவிட்சு. மூடி நல்லா அமுங்கினாத்தான் பல்புக்குக் கரண்ட் போகும். உங்களுக்குத் தெரியாததா? உங்க லிஃப்டுல கதவு மாதிரிதான்.”

லிஃப்ட்காரருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முப்பத்தொரு வருஷம், லிஃப்ட் நின்றுவிட்டது என்று யார் போன் செய்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, “கதவு சாத்தியிருக்கா பாருங்க.” கதவு ஒரு நூல் திறந்திருந்தாலும் வண்டி நகராது. காலையிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டரை உலுக்கி, இந்த ஒன்றை மட்டும் பார்க்கத் தோன்றவில்லையே!

ஸ்டாண்டைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துவிட்டு இடுக்கில் நுழைந்தார். மூடியில் இரண்டு ஸ்குரூ இருக்கவேண்டும். மேலே ஒன்று இருந்தது. கீழே ஓட்டை மட்டும் இருந்தது. மூடி அந்தப் பக்கம் ஒரு நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பொத்தானைத் தட்டினார். டிக்கென்றது. கூரையில் முதலில் மங்கலாக, பிறகு பளீரென்று நீலம் பரவியது.

“எரியுது!” என்று கத்தினார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

விரலை எடுத்தார். போய்விட்டது.

“தம்பி, கீழ் ஸ்குரூவைக் காணோம்.”

“வேற ஒண்ணைப் போடுங்கண்ணே.”

“அது பொடி ஸ்குரூ. எங்கிட்ட இருக்குறதெல்லாம் லிஃப்ட் ஸ்குரூ. ஒண்ணைப் போட்டா பெட்டியே ரெண்டாப் பொளந்துக்கும்.”

“அப்ப சுலபமா ஒண்ணு சொல்றேன். மூடியைக் கழட்டுங்க, அந்தக் குட்டி சுவிட்சுக்கு ரெண்டு ஒயர் வரும். ரெண்டையும் வெட்டி ஒண்ணா முறுக்கி விட்டுடுங்க. அது மூடி மூடியிருக்குன்னு நம்பிக்கும். வேலை முடிஞ்சுது.”

“அதைச் செய்ய மாட்டேன்.”

“ஏண்ணே? அஞ்சு நிமிஷ வேலை.”

“கதவு சுவிட்சை முறுக்க மாட்டேன்.”

“அண்ணே, இது லிஃப்ட் இல்லண்ணே. யாரும் குழிக்குள்ள விழப்போறதில்ல.”

“எதா இருந்தாலும் மாட்டேன்.”

அவரோடு வேலை பார்த்த ஒருவன் ஒரு தடவை அப்படி முறுக்கிவிட்டு, நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று போனான். திறந்த கதவோடு வண்டி மேலே கிளம்பிவிட்டது. அது தெரியாமல் கால் வைத்தவர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு வேலைக்கு அவர் கை போகாது. மெக்கானிக் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “மத்தக் காதுக்கு வந்துட்டாருண்ணே, வைக்கிறேன்” என்று வைத்துவிட்டான். ஆனால் வைப்பதற்கு முன் ஒன்று சொன்னான். “ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சா உடனே எரியாது. பல்பு ஆறணும். அஞ்சு நிமிஷம் சும்மா விடணும். ஞாபகம் வச்சுக்கங்க.”

லிஃப்ட்காரர் தரையில் மண்டிபோட்டார். காந்தத்தை ஒரு குச்சியில் கட்டிக் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு அடியில், கால்மிதியின் மடிப்பில் என்று தேய்த்துக்கொண்டே போனார். ஒரு கொண்டை ஊசியும் ஒரு பழைய பேட்டரியும் வந்தன.

“நேத்து நான் மூடியைத் தொடவே இல்ல. ஃபில்டரைத்தான் கழட்டினேன். எப்படிப் போகும்? முப்பத்தொரு வருஷத்துல ஒரு ஸ்குரூவை நான் தொலைச்சதில்ல. புத்தி மழுங்கிப்போச்சா எனக்கு? இல்ல நான்தான் கழட்டிட்டு மறந்துட்டேனா?”

இதை அவளிடம் சொல்லவில்லை, தரையிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் ஒரு மாதிரியாக ஆகிவிட்டது. அவர் முதுகுத்தண்டு சட்டைக்குள் புடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போவதும் வருவதுமாக இருந்தது. அவளுக்கு அது தெரியாது, முட்டிக்கால் தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம்தான் அதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

“தேடாதீங்க,” என்றாள். “அது இங்க இல்ல.”

“பின்ன?”

“குளியலம்மாகிட்டச் சொல்லி நான்தான் கழட்ட வச்சேன்.”

தினமும் வந்து அவளைத் துடைத்துவிட்டுத் துணி மாற்றிப் போகிற பெண்ணுக்கு அந்த வீட்டில் குளியலம்மா என்று பெயர். நேற்று அவர் பால் வாங்கப் போன நேரத்தில் நடந்திருக்கிறது. பேனாக்கத்தியின் நுனியால் கழற்றி, ஜன்னல் வழியாகத் தெருச் சாக்கடையில் போட்டுவிட்டாளாம். மழை அதை இந்நேரம் எங்கே கொண்டுபோயிருக்குமோ.

அவர் எழுந்து நின்றார். முட்டியில் தூசி.

“ஏன்?”

“நீங்க போனைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னு.”

“அதுக்கு இப்படியா?”

“வேற எப்படி? ரெண்டு வருஷமா வாயாலதானே சொன்னேன். கேட்டீங்களா? நாளைக்கு அவ மலையேறிடுவா. அஞ்சு மாசம். அதுவரைக்கும் நான் இருப்பேனோ மாட்டேனோ. நான் போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் யாரை வச்சுக்கிட்டுப் பேசாம இருப்பீங்க? இப்பவாச்சும் நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

“வாய் ஒண்ணுதான் வேலை செய்யுது. அதையும் மூடச் சொல்றீங்களா?”

அவர் ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். கீழே ஒரு ஆள் குடையைக் காற்றுக்கு எதிராகப் பிடிக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான்.

“என்னால முடியாது, இவளே,” என்றார் கடைசியில். “அவ மூஞ்சியைப் பாத்துப் பேச என்னால முடியாது. என்னை விட்டுடு.”

அவள் கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்குவதைப் பார்த்துவிட்டு அவர் வந்து துடைத்துவிட்டார். அவளால் அதைக்கூடத் தானாகச் செய்துகொள்ள முடியாது. மகள் முகத்தைக் கூரை நிறையக் காட்டுவது ஒன்றுதான் தன்னால் ஆனது, அதையாவது செய்துவிடவேண்டும் என்று அவருக்கு வெறி வந்தது.

படம் தெளிவாகத் தெரிய ஜன்னலைச் சாத்திவிட்டு, கறுப்பு டேப்பை எடுத்து மூடியை மூன்று சுற்றுச் சுற்றினார். காற்றுப் போகிற துளைகளை மறைக்காமல் சுற்றவேண்டியிருந்ததால் பிடிப்பு சரியாக இல்லை. பொத்தானைத் தட்டினார். எரிந்தது. மணி பத்து நாற்பது. கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு நிமிஷம் அணையாமல் இருந்தது. பிறகு சூட்டில் டேப்பின் பசை இளகி, ஓரம் சுருண்டு, மூடி மெல்ல எழும்பியது. டப்பென்று இருட்டு.

கையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் மரத்துண்டைச் சீவி ஆப்பு வைத்திருப்பார், கம்பியை வளைத்து ஒரு பிடி செய்திருப்பார். பன்னிரண்டு நிமிஷம்தான் இருந்தது. அதில் அஞ்சு நிமிஷம் பல்பு ஆறவே போய்விட்டது.

பத்து ஐம்பத்தாறுக்கு ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில், கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றார். மூடியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பொத்தானைத் தட்டினார். டிக். நீலம் வந்தது. விரலை எடுக்கவில்லை.

“என்ன பண்றீங்க?” என்றாள்.

“பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நான் இருக்கேன்னு சொல்லிடாத.”

“விரல் சுடாதா?”

“சுட்டா சுடட்டும்.”

போன் அடித்தது. இடது கையை எட்டி நீட்டிப் பச்சையைத் தொட்டுவிட்டு, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

கூரையில் மகள் வந்தாள்.

இரண்டு வருஷமாகச் சமையலறையில் உட்கார்ந்து குரலை மட்டும் கேட்டவர் அவர். அவர் நின்ற இடத்திலிருந்து அவள் முகம் படுக்கைவாட்டில் தெரிந்தது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். புருவத்துக்கு மேல் அவருக்குத் தெரியாத ஒரு தழும்பு. எப்போது அடிபட்டது, யார் கட்டுப் போட்டார்கள், ஒன்றும் தெரியாது. காதோரத்தில் இரண்டு மூன்று நரை. அவளுக்கா? முப்பதுகூட ஆகவில்லையே!

“அம்மா, நல்லாத் தெரியுதா?”

“தெரியுதுடி. இன்னிக்கு ரொம்ப நல்லாத் தெரியுது.”

“சளி எப்படி இருக்கு?”

“இருக்கு. அதுக்கும் எனக்கும் பழகிப்போச்சு. பையெல்லாம் கட்டிட்டியா?”

“கட்டிட்டேன். ரெண்டு ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ், எல்லாம். அஞ்சு மணிக்கு வண்டி.”

“அங்க குளிருமே. தலைக்கு என்ன போட்டுக்குவ?”

“குல்லா இருக்கும்மா.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்பா எங்க?”

மனைவி ஒரு மூச்சு விட்டாள். அவர் விரலை இன்னும் அழுத்தினார். மூடி சுட ஆரம்பித்திருந்தது. பெட்டியின் வெப்பக் காற்று மணிக்கட்டில் அடித்தது.

“கடைக்குப் போயிருக்காரு.”

“மழையிலயா?”

“மழையிலதான்.”

அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மலையில் கூடாரத்தில் எத்தனை பேர், யார் சமைப்பார்கள், அளவுக்கருவியை யார் சுமப்பார்கள். சின்ன விஷயங்கள். அவர் இத்தனை நாள் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டதும் இதே மாதிரி விஷயங்கள்தான். முகத்தோடு சேர்த்துக் கேட்கும்போது தாங்கவில்லை. சிரிக்கும்போது அவள் கீழுதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதே மறந்துபோயிருந்தது. விரல் நுனி எரிந்தது. கையை மாற்ற முடியாது. மாற்றுகிற நேரத்தில் அணைந்துவிடும்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மகள் திடீரென்று சொன்னாள்:

“அம்மா, அப்பா கடையிலேருந்து வந்ததும் ஒண்ணு சொல்லு.”

“என்ன?”

“சட்டையில இடது கை மடிப்புல கிரீஸ் கறை இருக்கு. சுடுதண்ணியில போட்டுடப் போறாரு. அப்படிப் போட்டா போகாது. முதல்ல சோப்பைத் தேய்ச்சு ஊற வைக்கச் சொல்லு.”

அவர் இடது கையைப் பார்த்தார், பச்சையைத் தொட்ட கையை. மடிப்பில் கறை இருந்தது.

“சொல்றேன்,” என்றாள் மனைவி. “வந்ததும் சொல்றேன்.”

“சரிம்மா. வைக்கட்டுமா?”

“வைடி. பத்திரம்.”

மகள் வைக்கவில்லை. கூரையில் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவையும் பார்க்கவில்லை, போனின் ஓரமாக எங்கேயோ, எதுவும் தெரியாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. கூரை முழுவதும் அந்தக் கண் இரண்டும் இருக்கும்போது எப்படிப் பேசுவது? இன்னும் நாலு வினாடி போனால் அவள் வைத்துவிடுவாள். வைத்தால் அஞ்சு மாசம்.

காலையிலிருந்து எதை எரியவைக்கப் பாடுபட்டாரோ அதை அவரே அணைத்தார். விரலை எடுத்தார்.

அறை இருண்டது. கூரையில் ஒன்றுமில்லை. போனின் சின்ன வெளிச்சம் மட்டும் மனைவியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“அம்மா? என்னம்மா ஆச்சு, இருட்டா இருக்கு?” என்றது மகளின் குரல்.

“அன்னிக்கு நீ சொன்னது சரிதாம்மா,” என்றார் அவர், சுவரோரத்து இருட்டிலிருந்து. “நான் அன்னிக்கு அம்மாவை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. இன்னொரு வேலையையும் பாத்துட்டு வந்தேன். அது அவசரமே இல்ல. நாளைக்குப் பாத்திருக்கலாம்.”

அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கமும் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து போனை எட்டிப் பார்த்தார். போகவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடியில் மகள் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

“லைட்டைப் போடுங்கப்பா,” என்றாள், கையை எடுக்காமலே.

“உடனே எரியாது. சூடா இருக்கு. அஞ்சு நிமிஷம் ஆறணும்.”

“ஆறட்டும். நான் வைக்கல.”